மோட்டார் போட்டால் கரண்ட் எங்கே போகிறது? மொட்டைமாடித் தொட்டியில் ஓர் ஆற்றல் கணக்கு

"மின்னாற்றல் இயந்திர ஆற்றலாக மாறுகிறது" என்று எழுதினால் பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும். எவ்வளவு மாறியது என்று கேட்டால் அந்த வாக்கியத்திடம் பதில் இல்லை. சென்னையில் சம்ப் (தரைக்கடித் தொட்டி), மோட்டார், மொட்டைமாடித் தொட்டி மூன்றும் உள்ள வீடாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் நீங்களே அளந்து பதில் சொல்லலாம்.

அளவு நாடா, நீளக் கயிறு, நேரான குச்சி ஒன்று, செல்போன், நோட்டு. இவ்வளவுதான் சாமான். சம்ப் மூடியைத் திறப்பதும் தொட்டி மேல் ஏறுவதும் வீட்டுப் பெரியவர்களின் வேலை. அதைப் பிள்ளைகள் செய்ய வேண்டாம்.

முதலில் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: இருப்பு, வழி. ஆற்றல் தங்கியிருக்கும் இடம் இருப்பு. நிலக்கரியிலும் சோற்றிலும் வேதி இருப்பு, ஓடும் பொருளில் இயக்க இருப்பு, உயரத்தில் ஏற்றி வைத்த பொருளில் ஈர்ப்பு நிலை இருப்பு, சூடான பொருளில் வெப்ப இருப்பு, யுரேனியத்தில் அணுக்கரு இருப்பு. ஓர் இருப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வழி: விசை தள்ளுவது, மின்னோட்டம், சூடு பரவுவது, ஒளி, ஒலி. மின்சாரத்தை இருப்புப் பத்தியில் எழுதுவதுதான் பலரும் செய்யும் தப்பு. சுவிட்சை அணைத்த பிறகு கம்பியில் கரண்ட் மிச்சம் கிடப்பதில்லை. அது வழிதான்.

இனி அளவுகள்.

தண்ணீரின் நிறை. கான்கிரீட் தொட்டியானால் உள்பக்க நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். மோட்டார் போடும் முன் குச்சியை அடிவரை விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். நிறுத்திய பின் மறுபடி குறியுங்கள். 150 × 100 தொட்டியில் மட்டம் 40 செ.மீ. ஏறினால் 6,00,000 கன செ.மீ., அதாவது 600 லிட்டர், ஏறக்குறைய 600 கிலோ. உருண்டை சின்டெக்ஸ் தொட்டியில் மேலும் கீழும் வளைந்திருப்பதால், நடுவில் சுவர் நேராக உள்ள பகுதிக்குள் மட்டுமே அளவு எடுங்கள். அளந்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் குழாய் திறக்கக் கூடாது. இந்தச் சோதனை பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்.

உயரம். தரையிலிருந்து எடுத்தால் தவறு. சம்பிலுள்ள நீர்மட்டத்திலிருந்து, தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் குழாய் வாய் வரை எடுக்க வேண்டும். மாடியிலிருந்து தரைக்குக் கயிறு விட்டு அளந்து, தரைக்குக் கீழே நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்பதையும், மாடித் தளத்துக்கு மேலே குழாய் வாய் எவ்வளவு உயரம் என்பதையும் கூட்டுங்கள். மோட்டார் ஓட ஓட சம்ப் மட்டம் இறங்கும். ஆகவே தொடக்க ஆழம், முடிவு ஆழம் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடி வீட்டில் மொத்தம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

செலவான மின்சாரம். இ.பி. மீட்டரின் முகப்பில் சிவப்பு எல்இடி ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 போன்ற எண் அச்சிட்டிருக்கும்: ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். 3200 மீட்டரில் ஒரு சிமிட்டலுக்கு 1,125 ஜூல். கண்ணால் எண்ணினால் பாதியில் தப்பிவிடும். செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணுங்கள்.

மோட்டார் போடுவதற்கு முன்பே ஒரு நிமிடம் எண்ணிவிடுங்கள். ஃபேனும் லைட்டும் இழுப்பது அதில் தெரியும், அதைக் கழித்துவிடலாம். ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் மூன்றையும் அணைத்து வையுங்கள். ஏசியும் ஃபிரிட்ஜும் நடுநடுவே இழுப்பும் ஓய்வுமாக இருப்பதால் கழிக்க முடியாது. அபார்ட்மென்ட்டில் மோட்டார் பெரும்பாலும் காமன் மீட்டரில் இருக்கும். உங்கள் வீட்டு மீட்டரை எத்தனை நேரம் முறைத்தாலும் எண்ணிக்கை மாறாது.

கணக்கு. 1 ஹெச்.பி. மோட்டார், 12 நிமிடம் ஓடியது, முன்பு எண்ணியதைக் கழித்த பின் நிமிடத்துக்கு 53 சிமிட்டல் என்போம்.

உள்ளே போனது: 53 × 12 × 1,125 = 7,15,500 ஜூல். சுமார் 0.2 யூனிட்.
மேலே சேர்ந்தது: நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் = 600 × 9.8 × 12 = 70,560 ஜூல்.
பயனுறுதிறன் (உள்ளே போனதில் மேலே சேர்ந்த பங்கு): சுமார் 10 சதவீதம்.

பத்துதானா என்று திகைக்க வேண்டாம். வீட்டுச் சின்ன மோட்டார்களில் இது நடக்கக்கூடிய எண்தான். ஹெச்.பி.யை 746-ஆல் பெருக்கி வாட் ஆக்கி அதையே செலவாக எழுதுவோரும் உண்டு. அது மோட்டாரின் அச்சில் கிடைக்க வேண்டிய திறன். மீட்டரிலிருந்து இழுப்பது அதைவிடக் கூடுதல்.

மீதி 90 சதவீதம் அழியவில்லை, ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. கொஞ்சம் மோட்டார் சுருளைச் சூடாக்கியது. பெரும் பங்கு பம்புக்குள்ளேயே போயிற்று: சுழலும் சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தண்ணீர் திரும்பத் திரும்பக் கசிந்து, கடைந்து, சூடாகிறது. குழாயின் உராய்வும் ஒவ்வொரு முழங்கை வளைவும் தம் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. முக்கால் அங்குலக் குழாயில் இந்த இழப்பு ஓர் அங்குலக் குழாயைவிட நன்றாகவே அதிகம். அந்தச் சூடு தெரியவில்லையே என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 6,45,000 ஜூலும் 600 கிலோ தண்ணீரிலேயே போய்ச் சேர்ந்தாலும், வெப்பநிலை ஏறுவது கால் டிகிரி செல்சியஸ்தான். வீட்டுத் தெர்மாமீட்டருக்கு அது எட்டாது. வீணானது என்று நாம் சொல்வது, இப்படித் திரும்ப எடுக்க முடியாதபடி மெல்லியதாகப் பரவிப்போனதைத்தான்.

உங்கள் எண் 50 சதவீதத்தைத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள். 1600 மீட்டரை 3200 என்றோ, 3200 மீட்டரை 6400 என்றோ படித்திருப்பீர்கள், அல்லது சிமிட்டலைத் தவறவிட்டிருப்பீர்கள். 3 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பம்பில் காற்று புகுந்திருக்கலாம், ஃபுட் வால்வ் (சம்புக்குள் இறங்கும் குழாயின் அடி வால்வு) கசியலாம். தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டினால் அதுதான் காரணம்.

அந்த 0.2 யூனிட் எந்த இருப்பிலிருந்து வந்தது? ஒரே இடத்தைக் காட்ட முடியாது, மின்தொகுப்பில் எல்லாம் கலந்தே ஓடுகிறது. வட சென்னை அனல் நிலையத்தில் நிலக்கரியின் வேதி இருப்பு, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அணுக்கரு இருப்பு, மேட்டூரில் தேங்கிய நீரின் ஈர்ப்பு இருப்பு, முப்பந்தலில் காற்றின் இயக்க இருப்பு. முதல் இரண்டும் எடுத்தால் குறையும். பின்னிரண்டையும் வெயிலும் பருவமழையும் புதுப்பிக்கின்றன. ஆனால் நினைத்த நேரத்தில் காற்று வீசாது. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில்தான் காற்றாலைகள் நன்றாகச் சுற்றும்.

அதனால்தான் மின்வாரியமும் தொட்டி நிரப்புகிறது. வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் உண்டு. தேவை குறைந்த வேளையில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேலே இறைத்து, தேவை கூடும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இத்தகைய நிலையங்கள் பொதுவாக உள்ளே போனதில் 70 முதல் 80 சதவீதம் திருப்பித் தரும். உங்கள் தொட்டியின் 70,560 ஜூலை ஒரு துளி வீணாக்காமல் மின்சாரமாக்க முடிந்தால்கூட, 9 வாட் பல்பு ஒன்று 2 மணி 10 நிமிடம் எரியும்.