கிளாஸ் ஜி வான்வெளியில் ஐஎஃப்ஆர்: பேசிப் பிரிந்துகொள்வது எப்படி

விக்டோரியா மாநிலத்தில் கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் ஐஎஃப்ஆர் முறையைக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வரும் மாணவரிடம் முதல் நாளே மங்களூர் விபத்தைப் பற்றிப் பேசிவிடுவேன். கர்நாடகத்து மங்களூர் இல்லை. மெல்போர்னுக்கு வடக்கே உள்ள சிறிய விமானத்தளம். 2020 பிப்ரவரி 19 அன்று முற்பகலில், அதற்குத் தெற்கே சுமார் 8 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 4,100 அடி உயரத்தில் இரண்டு இரட்டை எஞ்சின் விமானங்கள் மோதின. ஒன்று கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது, மற்றது வந்துகொண்டிருந்தது. இரண்டுமே ஐஎஃப்ஆர். நான்கு பேர் இறந்தார்கள். எதிரே இன்னொரு விமானம் இருப்பதைக் கண்ட்ரோலர் இரண்டு பேருக்குமே சொல்லியிருந்தார். ஆனால் விமானிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை என்கிறது விசாரணை அறிக்கை.

ஆஸ்திரேலியாவின் கிளாஸ் ஜி, அதாவது கட்டுப்பாடற்ற வான்வெளியின் விதி இதுதான்: மற்ற ஐஎஃப்ஆர் விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று சென்டர், அதாவது ரேடியோவில் பேசும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம், தகவல் தரும். மோதாமல் விலகிப் பறக்கும் பொறுப்பு உங்களுடையது. தகவலைக் கேட்டு, சரி என்று பதில் சொன்னால் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது.

கிளம்புவதற்கு முன் உயரத்தை முடிவு செய்யுங்கள். காந்தத் திசை 0 முதல் 179 பாகை வரை என்றால் ஒற்றைப்படை ஆயிரங்கள், 180 முதல் 359 வரை என்றால் இரட்டைப்படை. வரைபடத்தில் உங்கள் பாதைக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் இல்லையென்றால் நீங்களே கணக்கிட வேண்டும். கோபுரம் எதுவும் குறிக்கப்படாத இடத்தில், மிக உயரமான நிலப்பகுதியோடு 1,360 அடி கூட்டுங்கள். அந்த 360 எதற்கு? அதைவிடக் குட்டையான கோபுரங்கள் வரைபடத்தில் இல்லாமலே போகலாம். எரிபொருளில், பிஸ்டன் விமானத்துக்கு 45 நிமிட இறுதி இருப்பைத் தொடவே கூடாது.

டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓடுபாதையை நோக்கி நகரும்போது, சென்டரைக் கூப்பிட்டு விமான வகை, ஐஎஃப்ஆர், இடம், போகுமிடம், ஓடுபாதை ஆகியவற்றைச் சொல்லுங்கள். இரண்டு ரேடியோ இருந்தால் ஒன்றில் சென்டர், மற்றொன்றில் அந்தத் தளத்தின் பொது அலைவரிசை. இரண்டின் ஒலியையும் தரையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

இனி முக்கியமான பகுதி. ஒருமுறை மெல்போர்னிலிருந்து சுவான் ஹில்லுக்கு ஒரு மாணவியோடு போய்க்கொண்டிருந்தேன். வடமேற்குப் பாதை, அதனால் 6,000 அடி. முழுக்க மேகம். தளத்துக்கு 25 மைல் இருக்கும்போது சென்டர் சொன்னது: சுவான் ஹில்லிலிருந்து ஒரு விமானம் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, மெல்போர்ன் நோக்கி, 7,000 அடிக்கு ஏறுகிறது. அதே கோடு, எதிர்த்திசை. நாங்கள் நிமிடத்துக்கு இரண்டரை மைல், அவர் இரண்டு மைல். ஐந்தரை நிமிடத்தில் நேருக்கு நேர். போதாக்குறைக்கு இப்போதெல்லாம் ஜிபிஎஸ் இருவரையும் ஒரே கோட்டின் மேல் துல்லியமாக வைத்துவிடுகிறது.

மாணவி சென்டருக்குப் பதில் சொல்லிவிட்டு, தரையிறங்க அணுகும் பாதையைக் காட்டும் அப்ரோச் வரைபடத்தை எடுத்தாள். “அதை வை, முதலில் அவரிடம் பேசு” என்றேன். பேசினாள். எங்கள் தூரம், திசை, உயரம் மூன்றையும் எண்ணாகச் சொல்லி, அவருடையதைக் கேட்டாள். அவர் 5,000 அடியில் நிற்க ஒப்புக்கொண்டார். நாங்கள் 6,000 அடியில் இருந்து இறங்குவதில்லை என்று சொன்னோம். இருவரும் ஒரே கியூஎன்எச், அதாவது உயரமானியில் அமைக்கும் காற்றழுத்த அளவு, வைத்திருக்கிறோமா என்றும் கேட்கச் சொன்னேன், ஏனென்றால் ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சுமார் 30 அடி. அப்புறம் காத்திருந்தோம். அவர் சுவான் ஹில்லுக்கு 13 மைல் தென்கிழக்கில் இருப்பதாகச் சொன்னபோது எங்கள் தூரம் 9. இரண்டும் ஒரே இடத்திலிருந்து அளந்த தூரம், ஆகவே கடந்துவிட்டோம். அதற்குப் பிறகே அவர் ஏறினார், நாங்கள் இறங்கினோம்.

இதை அப்படியே பழக்கமாக்குங்கள். “உங்களைக் கவனித்துக்கொள்கிறேன்” என்று மட்டும் யாராவது சொன்னால் விடாதீர்கள், மேகத்துக்குள் எதைக் கவனிப்பது? உயரத்தைப் பிரியுங்கள், எண்ணைத் திருப்பிச் சொல்ல வையுங்கள், எப்போது ஒப்பந்தம் முடிகிறது என்பதையும் பேசிவிடுங்கள். பதிலே வரவில்லையா? சென்டரிடம் சொல்லி அவர் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று கேளுங்கள். கிடைக்கும் வரை 1,000 அடி இடைவெளியை நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள், இறங்க வேண்டாம்.

பத்து மைலுக்குள் வரும்போது பொது அலைவரிசையில் அறிவிப்பதில், அப்ரோச் புள்ளிகளின் ஐந்தெழுத்துப் பெயர்களைச் சொல்லாதீர்கள். கீழே கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு அவை புரியாது. “தெற்கே எட்டு மைல், 3,000 அடி, இறங்குகிறேன்” என்றால் எல்லோருக்கும் புரியும்.

தரையிறங்கியதும் சார்வாட்சை, அதாவது நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா என்ற கண்காணிப்பை, ரத்து செய்ய மறக்காதீர்கள். ரத்தாகாவிட்டால் உங்களைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். சிறு தளங்கள் பலவற்றில் தரையிலிருந்து சென்டருக்கு ரேடியோ எட்டாது, அதனால் தொலைபேசி எண்ணைப் பறக்கும் முன்பே முழங்கால் பலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.