மோரிஸ் மைனரின் ஹாரன் ஒலிக்காதபோது பழுதைத் தேடும் முறை

மோரிஸ் மைனர் 1000 போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் ஹாரன் ஒலிக்கவில்லை என்றால், பெரும்பாலானோர் முதலில் கழற்றுவது ஹாரனைத்தான். ஆனால் இந்த வண்டிகளில் உள்ள லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம்) வயரிங்கின் அமைப்பை அறிந்தவர் அதைக் கடைசியாகவே தொடுவார். ஃபியூஸ் நன்றாக இருக்கும்வரை மின்சாரம் ஹாரனின் ஒரு முனையில் எப்போதும் வந்து நிற்கிறது. ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான் அதன் மறுமுனையை வண்டியின் பாடியோடு சேர்த்து எர்த் கொடுக்கிறது, அவ்வளவுதான். பொத்தான்தான் ஹாரனுக்கு மின்சாரத்தை அனுப்புகிறது என்று எண்ணிக்கொண்டு தேடத் தொடங்கினால், ஒவ்வொரு சோதனையின் முடிவும் நம்மைத் தவறான இடத்துக்கே இட்டுச் செல்லும்.

பேட்டரிப் பக்கமிருந்து வரும் பழுப்பு நிற வயர் ஃபியூஸ் பெட்டியின் ஏ1 முனையில் சேர்கிறது. கண்ணாடி ஃபியூஸைக் கடந்து, ஏ2 முனையிலிருந்து ஊதா நிற வயர் ஹாரனுக்குச் செல்கிறது. ஹாரனின் மற்றொரு முனையிலிருந்து, ஊதாவில் கருப்புக் கோடு போட்ட வயர் (இன்னும் பழைய வயரிங்கில் பழுப்பில் கருப்புக் கோடு) ஸ்டியரிங் தண்டுப் பக்கம் ஏறிப் பொத்தானை அடைகிறது. இந்தப் பாதையில் இக்னிஷன் சுவிட்ச் குறுக்கிடுவதில்லை. ஆகவே எல்லாச் சோதனைகளையும் சாவியை அணைத்து வைத்தே செய்யலாம்.

தொடங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். மைனரின் மூல அமைப்பில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் நேர்முனை. பின்னாளில் யாரேனும் அதை மாற்றியிருக்கவும் கூடும். நேர்முனை எர்த் என்றால் மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியைப் பாடியில் வைத்து, கருப்புக் கம்பியால் சோதிக்க வேண்டும். ஆயினும் இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட 12 வோல்ட் பல்பு பொருத்திய டெஸ்ட் லேம்பையே நான் விரும்புகிறேன். துருப்பிடித்த இணைப்பில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்போ உண்மையாகவே கரண்ட்டை இழுப்பதால், மங்கி எரிந்து அந்தப் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் டெஸ்ட் லேம்பின் ஒரு கம்பியைப் பாடியில் வைத்து, மறு கம்பியால் ஃபியூஸின் இரு பக்கத்தையும் தனித்தனியே சோதியுங்கள். ஏ1இல் விளக்கு எரிந்து ஏ2இல் எரியவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் பச்சை நிறக் களிம்பு படிந்திருக்கலாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய எமரி பேப்பரால் கிளிப்புகளைத் தேய்த்துச் சுத்தப்படுத்துங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் பல ஃபியூஸ்களில் தொடர்ந்து தாங்கும் அளவே அச்சிடப்பட்டிருக்கும்; அத்தகைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், அது உருகும் முன் வயர் உருகிவிடக் கூடும்.

அடுத்து பானட்டைத் திறந்து, ஹாரனில் சேரும் ஊதா வயரின் முனைக்கும் பாடிக்கும் இடையே விளக்கை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் சரியாக வந்து சேர்கிறது. பிறகு, எல்லா இணைப்புகளும் அப்படியே இருக்க, ஹாரனின் மறுமுனையை ஒரு தனி வயரால் பாடியில் தொடுங்கள். இந்த ஒரு சோதனை பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஹாரன் உரக்க ஒலித்தால் அதில் குறையில்லை. பழுது பொத்தானுக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஒலிக்காமல் தொடும் இடத்தில் பொறி மட்டும் பறந்தால், உள்ளே சுருள் நன்றாக இருந்தும் டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) அதிரவில்லை என்று பொருள். பொறியே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது உள்தொடுமுனைகள் கருகியிருக்கலாம். ஹாரனைப் பிடித்திருக்கும் பட்டையின் பெயின்ட்டைச் சுரண்டுவதால் பயனில்லை. இரண்டு முனை கொண்ட ஹாரனுக்கு அந்தப் பட்டை வழியாக எர்த் தேவையில்லை. ஆனால் பட்டை தளர்ந்திருந்தால் ஒலி கெடும் என்பதால் அதன் போல்ட்டை இறுக்குவது நல்லது.

டயஃப்ரம் அதிராத ஹாரனைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் சிறிய சரிசெய்யும் திருகு இருந்தால், பொத்தானை விட்டுவிட்டு அழுத்தியபடி அதைத் திருப்பி ஒலி வரவழையுங்கள்; ஒலி வந்ததும் இடப்பக்கமாக மெல்லத் திருப்பி, ஒலி நிற்கும் இடம் வந்ததும் வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். அதிராமல் நிற்கும் ஹாரன் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட்டை இழுக்கும் என்பதால், இந்த வேலையின்போது பொத்தானை ஓரிரு நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது. உதிரி ஃபியூஸ் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

எனினும் என் அனுபவத்தில் பழுது அதிகமாக ஒளிந்திருப்பது பொத்தான் பக்கத்தில்தான். என் மைனரில் ஹாரன் மழைநாளில் மட்டும் ஊமையாகிவிடும். காரணம், வயர்கள் சேரும் புல்லட் கனெக்டரின் (குண்டு வடிவ முனைகளைச் செருகிச் சேர்க்கும் இணைப்பு) ரப்பர் உறைக்குள் ஊறிய ஈரமும் துருவும். ஒவ்வொரு கனெக்டரையும் இழுத்துப் பிரித்து, பளபளக்கும்வரை தேய்த்து, திரும்பச் சேருங்கள். அதன்பின் பொத்தானைக் கழற்றி, அதன் தொடுமுனைகளையும், அது பாடியின் எர்த்தைப் பெறும் வழியையும் பாருங்கள். டிரையம்ப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் போன்ற பிற பிரிட்டிஷ் கார்களில் ஸ்டியரிங் தண்டின் நடுவே ரப்பர் இணைப்பு இருப்பதால், அதைத் தாண்டி எர்த்தைக் கொண்டுசெல்லும் சிறு வயர் ஒன்று இருக்கும். அது அறுந்தால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் ஹாரன் பேசாது.

ஒலி மெலிந்திருந்தால், ஹாரன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டை அளவிட வேண்டும்; ஓய்வில் எடுக்கும் அளவு எதையும் சொல்லாது. பேட்டரியின் எர்த் அல்லாத முனைக்கும் ஹாரனின் ஊதா முனைக்கும் இடையே ஒரு முறையும், ஹாரனின் மறுமுனைக்கும் பாடிக்கும் இடையே ஒரு முறையும் அளந்து, எந்தப் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து இணைப்புகளைத் தேடுங்கள்.

யாரும் தொடாமலே ஹாரன் ஒலிப்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஒலிப்பதும் வேறு வகை. ஊதா வயர் உறை தேய்ந்து பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போகும். ஆனால் ஊதா-கருப்பு வயர் அப்படித் தொட்டால் ஃபியூஸ் போகாது, பொத்தானை அழுத்தியதுபோல ஹாரன் ஒலித்துக்கொண்டே இருக்கும். சாவியை எடுத்தாலும் அது நிற்காது என்பதால், ஹாரனில் உள்ள அந்த வயரை உடனே பிடுங்கிவிடுங்கள். பிறகு வயர் ஸ்டியரிங் தண்டை ஒட்டி வளையும் இடத்தில் உறை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேய்ந்த பகுதியை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் புதிய வயராகவே மாற்றுங்கள்.