பழைய அம்பாசடருக்கு மாஸ்டர் சிலிண்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி பக்கம் பழைய அம்பாசடரை வாங்கி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் பையன்கள் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கி வீல்களுக்கு அனுப்பும் உருளை) மாற்றும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள். ஆயில் கசியுதா, நட்டு இறுகியிருக்கா என்பதையெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதைத் தாண்டிய தவறுகள் இவை.

போல்ட் உட்கார்ந்தால் போதும் என்று நினைப்பது

கடையில் போய் "அம்பாசடருக்கு ஒண்ணு கொடுங்கண்ணே" என்று மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 1958 முதல் 2014 வரை வந்த வண்டி. நாலு வீலிலும் டிரம் பிரேக் இருந்த காலமும் உண்டு, முன்னால் டிஸ்க் பிரேக்கும் மிதிக்குக் கைகொடுக்கும் பூஸ்டரும் வந்த காலமும் உண்டு. போதாததற்கு முந்தைய ஓனர் தன் இஷ்டத்துக்கு டிஸ்க் மாட்டியிருப்பார். ஆர்சி புக்கில் ஒரு மாடல், அடியில் வேறு பிரேக்.

பார்க்கவேண்டியது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். 19.05, 20.64, 22.22 மி.மீ. என்று ஒன்றரை மி.மீ. வித்தியாசத்தில் வரும்; கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 19.05 இருந்த இடத்தில் 22.22 போட்டால் பிஸ்டனின் பரப்பு 285 சதுர மி.மீ.யிலிருந்து 388 ஆகிவிடும். அதே மிதிக்கு ஆயிலில் கிடைக்கும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறையும்.

கம்பத்தில் ஒரு வண்டிக்கு இதுதான் நடந்தது. ஊருக்குள் பெடல் மேலேயே கல்லு மாதிரி நின்றது, "பிரேக் நச்சுனு இருக்கு" என்று எல்லாருக்கும் சந்தோஷம். குமுளியிலிருந்து ஐந்து பேரோடு லோயர் கேம்ப் இறங்கும்போது பெடல் மேல் ஏறி நின்றாலும் வண்டி அடங்கவில்லை. பூஸ்டரை மாற்றினார்கள், லைனர் மாற்றினார்கள், டிரம்மைக் கடைந்தார்கள். அவ்வளவு காசும் வீண். கடைசியில்தான் போரை அளந்தார்கள்.

போர் சிறிதானால் நேர்மாறு: பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும், டிஸ்க் மாற்றிய வண்டியில் தரையைத் தொட்டுவிடும்.

பழையதன் பாடியில் அளவு வார்த்திருந்தால் அதைப் படியுங்கள். இல்லையென்றால் பிஸ்டன் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தைக் கழற்றி, பிஸ்டனை உருவி, ரப்பர் உரசாத வாய்ப்பகுதியில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கவும். வெர்னியரைக் கடைக்கும் கொண்டுபோய் புதியதையும் அளந்து வாங்குங்கள்.

பைப் மரை

பழைய பிரேக் பைப்பின் 3/8 இஞ்ச் நட்டு 9.5 மி.மீ.தான். புதிய சிலிண்டரின் 10 மி.மீ. மெட்ரிக் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டே ஏறும், இறுகின மாதிரியும் காட்டும். அழுத்தி மிதிக்கிற அன்றைக்குப் பிடுங்கிக்கொள்ளும். பழைய நட்டைக் கையால் நாலு சுற்று விட்டு ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வாங்கவேண்டாம். பைப் முனையின் ஃபிளேரும் (விரித்த வாயும்) உள்ளே உட்காரும் இடமும் ஒரே வடிவமா என்றும் பார்க்கவும்.

டிரம் சிலிண்டரை டிஸ்க்குக்குப் போடுவது

டிரம்முக்கானதில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்கில் அது பிரேக் பேடை விடாமல் உரசவைக்கும்.

புஷ் ராடு நீளம்

மிதித்ததும் பிஸ்டனைத் தள்ளும் இந்த ராடு நீண்டிருந்தால் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்ன ஓட்டை அடைபட்டே இருக்கும். சூடு ஏற ஏற வீல் பிடிக்கும். மூடியைத் திறந்து ஒருவரை மெதுவாகப் பெடலைத் தொடச் சொல்லுங்கள்: மிதி தொடங்கும் கணத்தில் ஆயிலில் ஒரு சின்னக் கொப்பளிப்பு எழவேண்டும். முகத்தை மேலே நீட்டவேண்டாம், கண்ணில் தெறிக்கும். வீல் பிடித்து நிற்கும்போது சிலிண்டரின் இரண்டு நட்டையும் லூஸ் செய்து முன்னால் நகர்த்தியதும் வீல் சுற்றினால் குற்றம் ராடில்தான்.

துருக்குழி விழுந்த போருக்கு ரப்பர் கிட்

ரப்பரை மட்டும் மாற்றி ஓட்டவேண்டாம்.

இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில்

பிரேக் ஆயிலில் கொஞ்சம் கலந்தாலும் ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

ஏர் எடுப்பது

வண்டியில் மாட்டுவதற்கு முன்பே புதியதை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, டியூப்பை டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளவேண்டும். வைஸ் தாடை பிடிப்பது போல்ட் போட்டு மாட்டும் காதில் மட்டும். உருளையில் பிடித்தால் போர் கோணிவிடும்.