பாதாளச் சாக்கடையில் விடக்கூடாதவை: வீடுகளிலும் உணவகங்களிலும் பட்டறைகளிலும் நேரும் தவறுகள்

பொதுக் கழிவுநீர்க் குழாயில் எதை வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீர் மாசு தடுப்புக்கென 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், நச்சுத்தன்மையுள்ள அல்லது மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே ஆற்றிலோ கிணற்றிலோ மட்டுமல்லாமல் கழிவுநீர்க் குழாயில் விடுவதையும் தடை செய்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளோ, தொழிற்கூடங்கள் பொதுக் குழாயில் விடும் நீருக்கு எண்களாலேயே எல்லை வகுத்திருக்கின்றன. இந்த எல்லைகளை வெறும் காகித விதிகளாகப் பார்ப்பதால்தான் தவறுகள் நேர்கின்றன. ஒவ்வொரு எல்லைக்குப் பின்னாலும் குழாய், அந்தக் குழாயைச் சீர்செய்ய வரும் தொழிலாளி, சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர் ஆகிய மூன்றில் ஒன்றையேனும் காக்கும் நோக்கம் இருக்கிறது.

“கடைசியில் சுத்திகரிக்கத்தானே போகிறார்கள்” என்பது முதல் தவறு. சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் முக்கியமான வேலையைச் செய்வது இரசாயனம் அல்ல, நுண்ணுயிர்க் கூட்டமே. மலத்தையும் சோப்பு நீரையும் சமையலறைக் கழிவையும் அதனால் செரிக்க முடியும்; ஈயத்தையும் குரோமியத்தையும் பாதரசத்தையும் செரிக்க முடியாது. விதிகளில் உள்ள எண்களே இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பொதுக் குழாயில் விடும்போது 350 வரை இருக்கலாம். நீரில் கரையாமல் கலந்திருக்கும் திண்மங்களுக்கு முன்னதில் 100, பின்னதில் 600. நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளக்கூடிய அழுக்கு என்பதால்தான் இந்தச் சலுகை. பாதரசத்துக்கோ இரண்டிலும் 0.01 மில்லிகிராம்தான் எல்லை; ஏனென்றால் குழாயின் மறுமுனையில் அதை அழிக்கக்கூடியது எதுவும் இல்லை. அது சகதியில் தங்கி அந்தச் சகதியை எருவாகப் பயன்படுத்த முடியாமல் கெடுக்கும், அல்லது நீரோடு வெளியேறும். 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருப்பதால், குழாயில் விடும் நஞ்சு நகரத்தின் நீர் இருப்பையே தொடுகிறது என்பதை மறக்கக்கூடாது.

பொதுக் குழாய்க்கான தளர்ந்த எல்லை எல்லாக் குழாய்க்கும் பொருந்தும் என்று கொள்வதும் பிழையே. உயிரியல் முறையில் சுத்திகரிக்கும் நிலையத்துக்குச் சென்று சேரும் குழாய்க்கு மட்டுமே அந்தச் சலுகை. அப்படிச் சேராத குழாயில் விட்டால் நேரடியாக ஆற்றில் விட்டதாகவே கருதப்படும்.

உணவகங்களும் திருமண மண்டபங்களும் செய்யும் பெரிய தவறு எண்ணெய் சார்ந்தது. எண்ணெய்க்கும் கிரீசுக்கும் பொதுக் குழாயில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராம். பாத்திரம் கழுவும் தொட்டியில் கொதிநீரையும் சோப்பையும் சேர்த்து ஊற்றினால் எண்ணெய் கரைந்து போய்விட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது சற்றுத் தூரம் சென்று, நீர் ஆறியதும் குழாயின் சுவரில் படிகிறது. கான்கிரீட்டிலும் நீரிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்புக் கட்டிபோல் இறுகுகிறது. தன் கடைவாசலில் அடைப்பு இல்லை என்பதால் கடைக்காரர் நிம்மதியாக இருப்பார். அடைப்பு அடுத்த தெருவில் இருக்கும், கழிவுநீர் பொங்குவது வேறொருவர் வீட்டு வாசலில். 2017இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் கண்டெடுத்த இத்தகைய கொழுப்புக் கட்டி ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. நம் சமையலில் எண்ணெய் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சமையலறைக் குழாய் பொதுக் குழாயில் சேருமுன் கொழுப்புத் தடுப்புத் தொட்டி வைப்பது இதற்குத் தீர்வு. ஆனால் தொட்டியைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கும் கசடும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால் பங்கை எட்டுமுன் வழித்தெடுக்காவிட்டால், அந்தத் தொட்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். வழித்தெடுத்ததை மேன்ஹோலிலேயே கொட்டுவதையும் பார்க்க முடிகிறது. அது செய்த வேலையை வீணாக்குவதாகும். பொரித்து மீந்த எண்ணெய்க்குத் தனி வழி உண்டு: திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் உருவாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது, அதைச் சேகரித்து பயோடீசல் தயாரிப்பாளருக்குக் கொடுக்கலாம்.

அடுத்த தவறு உயிரைப் பறிப்பது. நகைப் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பேட்டரிக் கடை ஆகியவற்றில் மீந்த அமிலத்தைக் கழிவறையில் ஊற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. விதிப்படி நீரின் அமில-காரத்தன்மை (pH) 5.5க்கும் 9க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். காற்றில்லாத குழாயில் தேங்கும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கும். அமிலம் சேர்ந்தால், நீரில் கரைந்திருக்கும் சல்ஃபைடும் வாயுவாக வெளியேறிவிடும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் இந்த வாயு, செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்தில்லை என்று ஒருவர் நம்பும் கணத்தில்தான் மரணம் நெருங்கியிருக்கும். முலாம் பட்டறையின் சயனைடு நீரோடு அமிலம் கலந்தாலும் இதேபோல் கொடிய ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். அமிலம் குழாயின் கான்கிரீட்டை அரிப்பது இதற்குப் பிறகு சொல்ல வேண்டிய செய்தியே.

பெட்ரோல், தின்னர் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்களை எந்த அளவிலும் விடக்கூடாது. 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலையொன்றிலிருந்து கழிவுநீர்க் குழாயில் கலந்த ஹெக்சேன் என்ற கரைப்பானின் ஆவி தீப்பற்றித் தெருக்கள் வெடித்துப் பிளந்தன. 1992 ஏப்ரலில் மெக்சிகோவின் குவாதலஹாராவில் குழாய்க்குள் கசிந்த பெட்ரோல் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இயந்திரப் பட்டறையில் பாகங்களைக் கழுவிய பெட்ரோல் ஒரு லிட்டர்தானே என்று நினைப்பவர், அந்தத் தெருவில் எத்தனை பட்டறைகள் அப்படியே நினைக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சேர்த்து அடர்த்தியைக் குறைத்தால் விதிக்கு உட்பட்டுவிடும் என்று சில தொழிற்கூடங்கள் கருதுகின்றன. நிலையத்தைச் சென்றடையும் உலோகத்தின் மொத்த எடை அதனால் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. நல்ல நீர் வீணாவதும் குழாயின் சுமை கூடுவதும்தான் மிச்சம்.

மழைக்காலத் தவறு ஒன்று இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் அதைத் தவறென்று ஏற்க மனம் வராது. தெருவில் தேங்கிய நீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும், மொட்டைமாடி நீரைக் கழிவுநீர் இணைப்பில் சேர்ப்பதும்தான் அது. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டும் தனித்தனி அமைப்புகள். வீடுகளின் கழிவுநீர் அளவுக்கென அமைத்த குழாயில் மழைநீர் பாய்ந்தால், உந்து நிலையத்தால் இறைக்க முடியாமல் தாழ்வான பகுதிகளில் கழிவறை வழியே சாக்கடை மேலெழும். நீரோடு வரும் மணலும் குழாயில் தங்கிவிடும். திறந்த மூடி நீரடியில் கண்ணுக்குத் தெரியாமல், அவ்வழியே நடப்பவரை விழுங்கவும் கூடும். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைப்பது இதன் மறுபக்கம். அது சுத்திகரிப்பு ஏதுமின்றிக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்ச் சேரும்.

நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் தாள் ஆகியவை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் குப்பைக்கே போக வேண்டியவை; தனியாகச் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சும் லாரி எங்கே கொட்டுகிறது என்று வீட்டுக்காரர் கேட்காமலிருப்பதும் பிழைதான். பல மாதங்கள் தேங்கிய அந்தச் சகதி சாதாரணக் கழிவுநீரைவிடப் பன்மடங்கு செறிவானது. அதை இரவில் ஏதோவொரு மேன்ஹோலில் கவிழ்க்காமல், அதற்கென ஒதுக்கிய உந்து நிலையத்திலோ சுத்திகரிப்பு நிலையத்திலோதான் இறக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அடைப்பு ஏற்பட்டால், எவரையும் குழாய்க்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறங்கச் சொல்லக்கூடாது. பாதுகாப்புச் சாதனங்களின்றி அப்படி இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறைக்கு வழிவகுக்கும் குற்றம். இவ்வகை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சென்னையில் 1916 என்ற எண்ணில் வாரியத்தை அழைத்து, இயந்திரத்தைக் கொண்டு நீக்கச் சொல்லலாம். அடைப்பை எடுக்க முதலில் நாமே அமிலமோ வேறு இரசாயனமோ ஊற்றிப் பார்த்திருந்தால், எதை, எவ்வளவு ஊற்றினோம் என்பதை, மூடியைத் திறக்குமுன்பே வந்திருக்கும் தொழிலாளர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.