ஊதாவாகிப் போன தங்க நீர்

தண்ணீருக்கடியில், மின்சாரம் இணைத்த இரண்டு தங்கக் கம்பிகளின் நுனியைத் தொட்டுப் பிரித்தால் இடைவெளியில் மின்வில் என்னும் தொடர்பொறி எரியும். அந்தச் சூட்டில் ஆவியாகும் தங்கம் நீரில் சட்டென்று குளிர்ந்து நுண்துகள்களாக மிதக்கும், நீர் மாணிக்கச் சிவப்பாகும். 1898-இல் வேதியியலாளர் பிரெடிக் காட்டிய முறை இது. படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது.

எனக்கு வந்ததோ மாணிக்கச் சிவப்பு அல்ல, அழுக்கு ஊதா. மறுநாள் அதுவும் நீலமாகி, அடியில் கறுப்பு வண்டல். மின்சாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். மின்னோட்டத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் குற்றவாளி குவளை! காய்ச்சி வடித்த வடிநீர்தான் ஊற்றினேன், ஆனால் குவளையைக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தேன். தங்கத் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பின் அயனிகள், அதாவது மின்னேற்றமுள்ள அணுக்கள், வந்தால் அந்தத் தள்ளல் மங்கும். துகள்கள் ஒட்டிக்கொள்ளும், நிறம் நீலத்துக்கு ஓடும்.

சரி என்று குவளையை வடிநீரிலேயே மூன்று முறை அலசினேன். துளியூண்டு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தேன். இந்த முறையில் அது துகள்களை நிலைநிறுத்தும். குவளையை ஐஸில் வைத்து, மின்வில்லை ஓரிரு நொடிகளிலேயே அணைத்து அணைத்து எரித்தேன். உதிர்ந்த பெரிய துணுக்குகளை வடிதாளில் வடித்தேன்.

இந்த முறை சிவப்பு. லேசர் அடித்தால் நீருக்குள் ஒளிக்கோடு தெளிவாகத் தெரிகிறது. கம்பிகளுக்கு மின்காப்புப் பிடியும், கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடியும் கட்டாயம். குடிப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும்.