பேமென்ட் மெயில் மட்டும் காணாம போன கதை, கோத்தகிரியில இருந்து

வீட்டு மாடியில ரெண்டு ரூம் ஹோம்ஸ்டேக்கு விடுறோம், நாலு நாளா பணம் சம்பந்தமான மெயில் ஒண்ணுமே இன்பாக்ஸ்ல வரல, மத்ததெல்லாம் ஒழுங்கா வந்துச்சு. கெஸ்ட் போன் பண்ணி "அனுப்பிட்டேனே"ன்னு சொல்றாங்க. மொதல்ல மழைல டவர் போயிருக்கும்னு நெனச்சேன். அப்புறம் ஜிமெயில் ஃப்ரீயா தர்ற 15 ஜிபி இடம் ரொம்பிடுச்சான்னு பாத்தேன், இடம் இருந்துச்சு. ஸ்பேம்லயும் இல்ல. ஆப்ப அழிச்சு திரும்ப போட்டேன், பாஸ்வேர்டும் மாத்துனேன், ம்ஹூம்.

ஒரு கெஸ்ட் பேர போட்டு தேடுனப்பதான் மெயில் கெடச்சுது. ஆனா ஏற்கனவே படிச்ச மாதிரி இருந்துச்சு, சப்ஜெக்ட் பக்கத்துல வழக்கமா இருக்குற 'இன்பாக்ஸ்'ங்குற லேபிளும் இல்ல. அங்கதான் சந்தேகம் வந்துச்சு.

வர்ற மெயில தானா பிரிச்சு ஒதுக்குற விதிக்கு ஃபில்டர்னு பேரு, ஜிமெயில் ஆப்ல அந்த லிஸ்ட்டே காட்டாது, கம்ப்யூட்டர்லதான் பாக்கணும். தம்பி லேப்டாப்ல செட்டிங்ஸ், 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்' போனா நான் போடாத ஃபில்டர் ஒண்ணு: 'பேமென்ட்'னு வார்த்தை இருந்தா இன்பாக்ஸ்க்கு விடாத, படிச்சதா மாத்து, வேற ஒரு ஐடிக்கு ஃபார்வர்ட் பண்ணு. பாஸ்வேர்ட மாத்துனாலும் ஃபில்டர் அப்படியே உயிரோட இருக்கும், இது எனக்கு சுத்தமா தெரியாது. ஊட்டில ஒரு ப்ரவுசிங் சென்டர்ல லாக்அவுட் பண்ணாம வந்தது ஞாபகம் வந்துச்சு, அதுவாத்தான் இருக்கணும்.

ஃபில்டர அழிச்சேன், பக்கத்து 'ஃபார்வர்டிங்' டேப்ல இருந்த அந்த ஐடியையும் தூக்குனேன், தெரியாத டிவைஸ் எல்லாத்தையும் சைன்அவுட் பண்ணி டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டேன். பத்து நிமிஷத்துல அட்வான்ஸ் மெயில் இன்பாக்ஸ்ல வந்து நின்னுச்சு, அப்பாடா. எங்க மெயில படிச்சவன் எங்க பேர்ல எழுதலாம்ல, அதான் பழைய கெஸ்ட் எல்லாருக்கும் போன் போட்டு, எங்க பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சுன்னு மெயில் வந்தா நம்பாதீங்கன்னு சொல்லிட்டு இருக்கேன்.