ஸ்காட்லாந்துக்குப் புதிதா? உங்களுக்காகக் கேள்வி கேட்க எட்டுப் பேர் இருக்கிறார்கள்

வீடு, வங்கிக் கணக்கு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு, பிள்ளைக்குப் பள்ளி, குளிருக்கு ஒரு நல்ல கோட்டு. வந்து இறங்கிய முதல் மாதம் இதற்கே போதாது. அரசியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். மகளுக்குப் பல்வலி வந்தது. எங்கள் பகுதியில் எந்தப் பல் மருத்துவரிடம் கேட்டாலும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் நோயாளிகளைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்ற ஒரே பதில். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் புலம்பினேன். "உங்கள் எம்.எஸ்.பி.யிடம் சொன்னீர்களா?" என்றார். எனக்கு எம்.எஸ்.பி., அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர், என்று ஒருவர் இருப்பதே அன்றுதான் தெரியும். ஒருவர்கூட இல்லை, எட்டுப் பேர் என்பது அதற்கும் அப்புறம் தெரிந்தது.

கணக்கு இதுதான். எடின்பரோவில் ஹாலிரூட் என்ற இடத்தில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 129 உறுப்பினர்கள். 73 பேர் தொகுதிக்கு ஒருவராக வருகிறவர்கள். மீதி 56 பேர் எட்டு மண்டலங்களிலிருந்து, மண்டலத்துக்கு ஏழு பேராக, கட்சிப் பட்டியல் வழியே வருகிறவர்கள். ஆகவே நீங்கள் எங்கே குடியிருந்தாலும் தொகுதிக்காரர் ஒருவர், மண்டலத்துக்காரர்கள் ஏழு பேர் உங்கள் கணக்கில் உண்டு. நாடாளுமன்ற இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் எட்டுப் பெயரும் வரும். அரசாங்கத்தை நடத்துவது அந்த 129 பேரில் சிலர். மற்றவர்களுடைய முக்கியமான வேலையே அந்த அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது.

எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்பதில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். விசா தாமதமாகிறது என்று எம்.எஸ்.பி.க்கு எழுதுவார்கள். அவர் அனுதாபத்தோடு ஒரு பதில் போட்டு, லண்டனில் உள்ள எம்.பி.யைப் பார்க்கச் சொல்வார். குடியேற்றம், பாஸ்போர்ட், வெளியுறவு, ராணுவம், வேலைச் சட்டம் எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற லண்டன் நாடாளுமன்றத்தின் கையில். மருத்துவம், பள்ளி, காவல், நீதிமன்றம், வீட்டு வாடகைச் சட்டம், ஸ்காட்ரெயில் ரயில் சேவை எல்லாம் ஹாலிரூட் கையில். குப்பைத் தொட்டியும் தெருவில் உள்ள பள்ளமும் உள்ளூர் கவுன்சிலரிடம். வருமான வரி மட்டும் கொஞ்சம் சிக்கல்: வரியில்லாத் தொகையை லண்டன் தீர்மானிக்கிறது, அதற்கு மேல் சம்பளத்துக்கான விகிதங்களை எடின்பரோ தீர்மானிக்கிறது. 19 சதவீதத்தில் தொடங்கி 48 வரை ஆறு படிகள். உங்கள் சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கினால் நீங்கள் ஸ்காட்லாந்து விகிதத்தில் கட்டுகிறீர்கள் என்று பொருள். அதே சம்பளம் வாங்கும் மான்செஸ்டர் நண்பரோடு ஒப்பிட்டு மனம் நொந்தால், கேள்வியை எந்த அவைக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போது தெரியும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல் பழக்கமானதுதான். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றை மட்டும்தான் பட்டியல் போடுகிறது. அதில் இல்லாதது எல்லாம் எடின்பரோவுக்கு. நம் அரசமைப்பில் எந்தப் பட்டியலிலும் வராதது டெல்லிக்குப் போய்விடும், இங்கே அதற்கு நேர்மாறு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு 'அதிகாரப் பகிர்வு' என்ற சொல் 1987-இன் 13-ஆம் திருத்தத்திலிருந்தே காதில் விழுந்துகொண்டிருப்பது. 2013-ல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வடக்கு மாகாண சபை 2018-ல் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, 1997 செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி 1999 மே மாதம் கூடிய ஒரு சபை அதன்பின் ஒவ்வொரு தேர்தலையும் சந்தித்து வருவது கொஞ்சம் பொறாமையைத்தான் தரும்.

இதைப் படிக்கும் பலருக்குத் தெரியாத இன்னொன்று, உங்களுக்கு ஓட்டு உண்டு. குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், செல்லுபடியாகும் விசா இருந்தாலே இங்கு எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாணவர் விசாவும் இதில் சேர்த்தி. 2020-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு மற்ற நாட்டவரும், இங்கே தங்க அனுமதி இருந்தால், ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் கவுன்சிலுக்கும் வாக்களிக்கலாம். அந்த இரண்டுக்கும் வயது 16, வெஸ்ட்மின்ஸ்டருக்கு மட்டும் 18. பள்ளிச் சீருடை போட்ட பிள்ளை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அப்பாவிடம் "நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்கும் ஊர் இது. இணையத்தில் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கடன் நிறுவனங்கள் உங்கள் முகவரியைச் சரிபார்ப்பதும் சுலபம். மொபைல் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கும்போது இதன் அருமை புரியும்.

சரி, கேள்வி நேரத்துக்கு வருவோம். வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்கு ஃபர்ஸ்ட் மினிஸ்டரிடம் கேள்விகள். நம் கணக்கில் அவர் முதலமைச்சர். எதிர்க்கட்சித் தலைவர்கள் முதலில் எழுவார்கள், பிறகு மற்ற உறுப்பினர்கள். முக்கால் மணி நேரம் சூடாகப் போகும், மாலைச் செய்தியில் அதிலிருந்து இருபது நொடி வரும். அவை அரைவட்டமாக இருப்பதால் வெஸ்ட்மின்ஸ்டர்போல இரண்டு அணிகள் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொள்ளும் காட்சி கிடையாது, ஆனால் மேசை தட்டலுக்குக் குறைவில்லை. 'மாண்புமிகு' போன்ற அடைமொழிகள் இல்லை. உறுப்பினர்களை முழுப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உரைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் மொட்டையாக இருக்கும். 2023-லும் 2024-ன் தொடக்கத்திலும் ஃபர்ஸ்ட் மினிஸ்டராகப் பதில் சொன்ன ஹம்சா யூசஃப், எதிரே கேள்வி கேட்ட தொழிற்கட்சித் தலைவர் அனாஸ் சர்வார் இருவருமே பாகிஸ்தானியப் பூர்வீகக் குடும்பங்களில் பிறந்த கிளாஸ்கோக்காரர்கள். அந்த வியாழக்கிழமைகளை எங்கள் வீட்டில் கிரிக்கெட்போல பார்த்தோம்.

இன்னொரு குழப்பம்: 'கேபினட் செக்ரட்டரி'. டெல்லியில் அது ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பதவி. இங்கே அது முழு அமைச்சர். சுகாதாரத்துக்கான கேபினட் செக்ரட்டரி பதில் சொன்னார் என்று செய்தியில் வந்தால், அமைச்சர் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை பார்க்க நன்றாக இருக்கும். உங்கள் பல்வலிக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் வராது என்பது என் அபிப்பிராயம். வேலை நடப்பது கூட்டம் இல்லாத இடங்களில். புதன்கிழமை பிற்பகல்களில் துறைவாரிக் கேள்விகள் உண்டு: ஒரு வாரம் சுகாதாரம், இன்னொரு வாரம் கல்வி என்று முறை வைத்து வரும். கேட்பவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் பின்வரிசைக்காரருக்கும் வாய்ப்பு. ஒரு துணைக் கேள்வியும் கேட்கலாம், சாமர்த்தியம் தெரிவது அதில்தான். திடீரென்று வெடித்த விஷயங்களுக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு நேரம். இதெல்லாம் போக, எழுத்துபூர்வக் கேள்வி. இதைத்தான் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு எம்.எஸ்.பி. எத்தனை எழுத்துபூர்வக் கேள்வி வேண்டுமானாலும் கொடுக்கலாம். அரசாங்கம் சாதாரணமாக பத்து வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், அவை விடுமுறையில் இருந்தால் இருபது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கேள்வியும் பதிலும் இணையத்தில் என்றென்றைக்கும் கிடக்கும், தேடிப் படிக்கலாம். பதில்கள் எப்போதும் இனிக்காது. "இந்தத் தகவலை மையமாகத் திரட்டுவதில்லை", "இது அந்தந்த சுகாதார வாரியத்தின் பொறுப்பு" என்று நழுவும் பதில்கள் நிறைய. ஆனால் நழுவியதும் பதிவாகிவிடுகிறதே! வாரியத்தின் பொறுப்பு என்று அமைச்சரே எழுதிக் கொடுத்தபின், அதே தாளை வாரியத்திடம் நீட்டலாம். அடுத்த கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம்.

என் கதையில் நடந்தது அதுதான். மண்டல உறுப்பினர் ஒருவருக்கு எழுதினேன். எங்கள் பகுதியில் புதிய என்.எச்.எஸ். பல் நோயாளிகளைச் சேர்ப்பவர் எத்தனை பேர் என்று அவர் எழுத்துபூர்வமாகக் கேட்டார். வந்த பதிலில் எண்ணிக்கையே இல்லை, வாரியத்தைக் கேளுங்கள் என்று மட்டும் இருந்தது. அவர் அலுவலகம் அதை இணைத்து வாரியத்துக்கு எழுதியது. சில வாரங்களில் பக்கத்து ஊரில் இடமுள்ள ஒரு மருத்துவரின் விவரம் எங்களுக்கு வந்தது. பேருந்தில் நாற்பது நிமிடம். ஆனால் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2022 முதல் பேருந்து இலவசம் என்பதால் மகளுக்குச் செலவில்லை, எனக்கு மட்டும் டிக்கெட்.

எப்படி எழுதுவது? முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் கட்டாயம். தன் பகுதியில் வசிப்பவர்தானா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு மின்னஞ்சலில் ஒரு பிரச்சினை. எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது எதைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள், அவ்வளவு போதும். ஐயா, கனம் பொருந்திய என்றெல்லாம் வேண்டாம். எட்டுப் பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எட்டுப் பேரும் விட்டுவிடுவார்கள், இது நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர்கள் அதிகமானால் நடப்பதுதான். தொகுதி உறுப்பினர் அமைச்சராக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அமைச்சர்கள் அவையில் கேள்வி கேட்பதில்லை, பதில்தான் சொல்வார்கள். உங்களுக்காகக் கடிதம் எழுதுவார், ஆனால் கேள்வியாகப் பதிவாக வேண்டுமென்றால் மண்டல உறுப்பினரிடம் போங்கள்.

நேரில் பேச விரும்பினால் 'சர்ஜரி' எப்போது என்று கேளுங்கள். பயப்பட வேண்டாம். உறுப்பினர் பொதுமக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு இங்கே அந்தப் பெயர். ஜி.பி. கிளினிக்குக்கும் அதே பெயர்தான். "சனிக்கிழமை எம்.எஸ்.பி.க்கு சர்ஜரி" என்று கேட்டு, பாவம் என்ன உடம்புக்கு என்று விசாரித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

தனி ஆளின் குறையைத் தாண்டிய விஷயமென்றால் மனு இருக்கிறது. ஒரே ஒருவர் கையெழுத்திட்டாலும் மனுதான், ஆயிரம் பேரைத் திரட்டத் தேவையில்லை. ஏற்கெனவே அரசாங்கத்திடமோ எம்.எஸ்.பி.யிடமோ முயன்று பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. 2014-ல் பெண்களின் உடலுக்குள் வைக்கும் மெஷ் என்ற வலையால் தீராத வலிக்கு ஆளான இரண்டு பெண்கள் அப்படி ஒரு மனு கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூனிலேயே அன்றைய சுகாதார அமைச்சர் அலெக்ஸ் நீல், அந்த அறுவை சிகிச்சையை நிறுத்திவைக்கும்படி வாரியங்களைக் கேட்டுக்கொண்டார். அதோடு முடியவில்லை. தொழிற்கட்சியின் நீல் ஃபிண்ட்லே, கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜாக்சன் கார்லா, அமைச்சர் பதவியை விட்டு இறங்கிய பிறகு அதே அலெக்ஸ் நீல் என மூன்று கட்சிக்காரர்கள் சேர்ந்து விடாமல் கேட்டார்கள். 2018-ல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஜீன் ஃப்ரீமன் அதன் பயன்பாட்டை நிறுத்தினார். வலையை அகற்றத் தனியார் மருத்துவரிடம் சொந்தப் பணம் செலவழித்தவர்களுக்கு அதைத் திருப்பித் தரும் சட்டம் 2022-ல் வந்தது. எட்டு வருடம். வேகம் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, ஒரு வியாழக்கிழமை நேரிலேயே போய்ப் பாருங்கள். வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. அனுமதி இலவசம், ஆனால் முதலமைச்சர் கேள்வி நேரத்துக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் கட்டடத்தை மட்டும்தான் பார்க்கலாம், அவை கோடை விடுமுறையில் இருக்கும். வாசலில் விமான நிலையம்போல சோதனை. உள்ளே பார்வையாளர் மாடத்தில் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது. என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது அழைத்துப் போனேன். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான், ஸ்காட்லாந்து உச்சரிப்பில் அந்த அரையும் போய்விட்டது. பத்து நிமிடம் கவனித்துவிட்டு என் காதில் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு ஒரே கேள்வியத்தானே திரும்பத் திரும்பக் கேக்குது? இவரு ஏன் வேற என்னமோ சொல்றாரு?"